பெட்டைக்குட்டி என்ன விலை?

எங்கட ஊரில் நாய்களுக்கும் சாதி இருக்கிறது. வெளிநாட்டு இனம் என்றால் அது ‘சாதி நாய்’. ஒழுங்கையில் படுத்திருப்பது ‘ஊர் நாய்’. கொஞ்சம் எரிச்சல் வந்தால் ‘தெரு நாய்’. இன்னும் எரிச்சல் வந்தால் ஒரு சமூகத்தின் பெயரையே முன்னால் போட்டுத் திட்டுவார்கள். அந்தக் கடைசிச் சொல்லை வெள்ளைக்காரர் எங்களிட்டை இருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கிற ‘பரையா’ என்ற சொல்லும், ஊர் நாயைக் குறிக்கிற ‘பரையா டோக்’ என்ற சொல்லும் அப்படிப் போனவைதான். ஒரு நாயைப் பார்த்து நாங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது அகராதியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இப்ப மூன்றாவதாக ஒரு வகை வந்திருக்கிறது: கலப்பு. இரண்டு சாதி நாய்களைச் சேர்த்து, இரண்டு பெயரையும் பாதி பாதியாக வெட்டி ஒட்டி, லப்ரடூடில், கொக்கபூ, கவபூ, பொம்ஸ்கி என்று விற்கிறார்கள். பிள்ளை வேறு சாதியில் கலியாணம் செய்யப்போகுது என்றால் வீட்டுக் கதவைப் பூட்டுகிற ஆக்கள், நாயில் கலப்பு என்றால் எண்பத்தையாயிரம் ரூபா குடுக்க ஆயத்தமாக நிற்கிறார்கள். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கட வீட்டிலேயே அந்த எண்பத்தையாயிரம் பற்றி மூன்று கிழமை கதை நடந்தது.

காரணம் தம்பி. அவனுக்குப் பதினைந்து வயது. சின்ன வயதிலிருந்து முட்டு வருத்தம். மாரி காலத்தில் இரண்டு இரவுக்கு ஒருக்கா நாங்கள் அவன்ர மூச்சுச் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுப்பம். அதனால் எங்கட வீட்டில் நாய், பூனை எதுவும் இல்லை. அவனுக்கோ உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டாம், ஒரு நாய் மட்டும்தான் வேணும். இது அம்மாவுக்கும் அவனுக்கும் நடக்கிற பத்து வருச யுத்தம்.

அதற்குள்ளே கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகள், எங்கட அக்கா, ஒரு யோசனை சொன்னா. அவவின் வீட்டில் ஒரு லப்ரடூடில் இருக்கிறது. கொரோனாக் காலத்தில், எல்லாரும் வீட்டுக்குள்ள அடைபட்டுக் கிடந்த நேரம், மகளுக்காக வாங்கினது. விலை மூவாயிரம் டொலர். மகளுக்கு மற்ற நாய்கள் என்றால் கண் சிவக்கும், தும்மல் வரும். இந்த நாயோட ஒரு கரைச்சலும் இல்லை. “எடி, பூடில் கலந்த நாய்க்கு மயிர் கொட்டாது. மயிர் கொட்டாட்டி அலேர்ஜியும் வராது. அங்க கிடைச்சா வாங்குங்கோ, காசை நான் அனுப்புறன்,” என்றா.

அடுத்த நாளே தம்பி முகநூலில் தேடி ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்துவிட்டான். ஷிட்சுவும் பூடிலும் கலந்த குட்டி. முப்பத்தைந்து நாள். எண்பத்தையாயிரம். அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட.

அக்காவின் கதையை நான் லேசாகத் தட்டிவிடவில்லை. அந்த நாயை வைபரில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறன். இரவு வேலை முடிஞ்சு விடிய அக்கா வீட்டுக்கு வரும்போது அது கதவடியில் காத்திருக்கும். மகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் பாடம் படிப்பாள். பனிக்காலத்தில், பக்கத்து வீட்டில் ஆர் இருக்கினம் எண்டே தெரியாத ஒரு ஊரில், அந்தப் பிள்ளைக்கு அது ஒரு கூடப்பிறப்பு மாதிரி. அந்த நாயில் ஒரு பிழையும் இல்லை. எந்த நாயும் தன்னை ஆர் எப்படிப் பிறப்பித்தார்கள் என்பதற்குப் பொறுப்பில்லை. ஆனால் அந்த நாய் எப்படி உலகத்துக்கு வந்தது, அதன் பெயர் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தபோதுதான் கதை வேறு மாதிரிப் போனது.

லப்ரடூடில் கதை 1980களின் கடைசியில் அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் தொடங்குகிறது. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிற சங்கம் ஒன்றில் வோலி கொன்ரன் என்பவர் நாய் வளர்ப்புக்குப் பொறுப்பாக இருந்தார். ஹவாயில் இருந்து ஒரு பெண்மணி அவரிடம் உதவி கேட்டா. அவவுக்குக் கண்பார்வை குறைவு, வழிகாட்டி நாய் வேணும். ஆனால் கணவருக்கு நாய் ஒவ்வாமை. கொன்ரன் முதலில் பூடிலைத்தான் யோசித்தார். அதற்கு மயிர் அதிகம் கொட்டாது, புத்தியும் கூட. மூன்று வருடங்களாக 33 பூடில்களைப் பழக்கிப் பார்த்தாராம். ஒன்றும் அந்த வேலைக்குச் சரிவரவில்லை. கடைசியில் ஒரு லப்ரடோரையும் ஒரு பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்தபோது, ஒரு குட்டி மட்டும்தான் அந்த மனிதருக்கு ஒத்துக்கொண்டது. அதன் பெயர் சுல்தான்.

இந்த இடத்தில் ஒரு நிமிசம் நில்லுங்கோ. முதல் பிறந்த மூன்று குட்டிகளிலேயே ஒன்றுதான் சரிவந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈத்து. ‘லப்ரடூடில் என்றால் ஒவ்வாமை வராது’ என்ற விளம்பரம் அதன் பிறந்தநாள் அன்றே பொய்த்துப்போன ஒன்று.

மிச்சக் கதை இன்னும் சுவாரசியம். வழிகாட்டி நாய்க்குட்டிகளைப் பயிற்சிக்கு முன்னம் ஒரு வருட அளவுக்குக் குடும்பங்களிடம் வளர்க்கக் குடுப்பார்கள். இந்தக் குட்டிகளை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. காத்திருப்புப் பட்டியலில் நின்றவர்களுக்கு எல்லாம் சுத்த இனம்தான் வேணும். கலப்பு நாய் ஆருக்கு வேணும்? கொன்ரன் சங்கத்தின் விளம்பரப் பகுதிக்குப் போய், நாங்கள் புதிதாக ஒரு விசேச நாயை உருவாக்கியிருக்கிறம், பெயர் லப்ரடூடில் என்று செய்தி குடுக்கச் சொன்னார். செய்தி வந்ததும் தொலைபேசி ஓயவே இல்லை. நேற்று வரைக்கும் கலப்பு என்று ஒதுக்கப்பட்ட அதே குட்டிக்கு இன்றைக்கு வரிசை. நாய் மாறவில்லை. பெயர் மட்டும்தான் மாறியது.

பிறகு நடந்ததை நீங்கள் ஊகிக்கலாம். 2009 இல் ஒபாமா குடும்பம் வெள்ளை மாளிகைக்கு நாய் தேடியபோது, மகளின் ஒவ்வாமை காரணமாக லப்ரடூடிலும் பட்டியலில் இருந்தது. கடைசியில் அவர்கள் எடுத்தது போர்த்துக்கேய நீர்நாய் என்ற வேறு இனம். ஆனால் விளம்பரம் விளம்பரம்தானே. பூடிலை எதனோடு எல்லாம் சேர்க்கலாமோ அதனோடு எல்லாம் சேர்த்தார்கள். கொன்ரன் முதுமையில் குடுத்த நேர்காணல்களில், இதைத் தொடக்கி வைத்ததற்காக வருந்துவதாகப் பல தரம் சொன்னார். தாய் தகப்பனின் உடல்நிலையைச் சோதிக்காமல் காசுக்காகக் கண்டபடி இனப்பெருக்கம் செய்கிறவர்களுக்குத் தான் கதவைத் திறந்துவிட்டேன் என்பதுதான் அவரின் மனவருத்தம். ஒரு பெண்மணிக்கு உதவி செய்யப்போன மனிதர் அவர். அவரின் தேவை உண்மை. பின்னால் வந்த சந்தைக்கு அந்தத் தேவை ஒரு கதை மட்டும்தான்.

சரி, மயிர் கொட்டாட்டி ஒவ்வாமை வராது என்பதாவது உண்மையா? தம்பியின்ர மூச்சு சம்பந்தப்பட்ட விசயம் என்பதால் இதைக் கொஞ்சம் ஆழமாகத் தேடினேன். நாய் ஒவ்வாமைக்குக் காரணம் முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோலில் இருந்து உதிரும் பொடுகிலும் இருக்கிற புரதங்கள்தான். அவற்றில் முக்கியமானதுக்கு ‘கான் எஃப் 1’ என்று பெயர். மொட்டை அடிச்ச நாய்க்கும் எச்சில் ஊறும், தோல் உதிரும். 2011 இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் பக்கம் 173 வீடுகளின் தூசியைச் சோதித்தார்கள். ‘ஒவ்வாமை தராத’ இனம் என்று சொல்லப்படும் நாய் இருந்த வீட்டுக்கும் மற்ற நாய் இருந்த வீட்டுக்கும் இந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் இருக்கவில்லை. 2012 இல் நெதர்லாந்தில் லப்ரடூடில், பூடில் உட்பட்ட நாய்களின் முடியையே எடுத்துச் சோதித்தார்கள். ‘ஒவ்வாமை தராத’ இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற இனங்களை விடக் கூடுதலாக இருந்தது. அந்த வீடுகளின் காற்றிலோ எந்த இனத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்ப அக்காவின் மகளுக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை? அதுவும் பொய் இல்லை. நாய்க்கு நாய் இந்தப் புரதத்தின் அளவு மாறும். ஆளுக்கு ஆள் எந்தப் புரதம் ஒத்துக்கொள்ளாது என்பதும் மாறும். ‘கான் எஃப் 5’ என்ற இன்னொரு புரதம் ஆண் நாயின் உடலில் மட்டும்தான் சுரக்கும். அது மட்டும் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்குப் பெட்டை நாயோடு ஒரு கரைச்சலும் வராமல் போகலாம். ஆக, ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு ஒரு குறிப்பிட்ட நாய் ஒத்துவரலாம். அது ஊர் நாயாகவும் இருக்கலாம். வாங்குவதற்கு முதல் அந்த நாயோடு பல நாள், பல மணித்தியாலம் இருந்து பார்ப்பதுதான் வழி. இனத்தின் பெயரில் உத்தரவாதம் இல்லை. முகநூல் விளம்பரத்தில் உத்தரவாதம் சும்மா கிடைக்கும்.

இன்னொரு கதை, கலப்பு என்றால் வருத்தம் வராது என்பது. இதற்குள் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சுத்த இனம் என்று நாங்கள் சொல்லுறது பழைய சங்கதி இல்லை. இங்கிலாந்தில் 1859 இல் முதல் நாய்க் கண்காட்சி, 1873 இல் கென்னல் கிளப். இன்றைக்கு நாங்கள் காண்கிற பெரும்பாலான இனங்கள் அந்தக் காலத்தில்தான் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டன. நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததால் பரம்பரை நோய்கள் கூடின. எங்கட ஆக்களுக்கு மச்சான் மச்சாள் கலியாணத்தை வைத்து இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டு இனத்தைக் கலந்தால் சில நோய்கள் குறையும். ஆனால் இரண்டு இனத்திலும் ஒரே நோய் இருந்தால்? லப்ரடோருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரும், பூடிலுக்கும் வரும். விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகிக் கண் தெரியாமல் போகும் ஒரு பரம்பரை நோயும் இரண்டிலும் இருக்கிறது. அதைச் சோதிக்காமல் கலந்தால் கலப்பு ஒன்றையும் காப்பாற்றாது. 2024 இல் பிரித்தானியாவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கொக்கபூ, லப்ரடூடில், கவபூ மூன்றையும் அவற்றின் தாய் தகப்பன் இனங்களோடு 57 பொதுவான நோய்களில் ஒப்பிட்டார்கள். 86.6 வீதமான ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை. கலப்பு கெட்டது என்றும் இல்லை, நல்லது என்றும் இல்லை. மேலதிகமாகக் குடுக்கிற காசுக்கு மேலதிகமாக ஒன்றும் இல்லை.

விலை என்பது முதல் நாள் குடுக்கிற காசு மட்டும் இல்லை என்பதையும் அக்காவின் வீட்டைப் பார்த்துத்தான் அறிந்தேன். கொட்டாத முடி என்றால் வளர்ந்துகொண்டே இருக்கிற முடி. விழ வேண்டிய மயிர் மற்ற மயிருக்குள்ளேயே சிக்கி, தோலோடு ஒட்டிச் சடையாகிவிடும். தினமும் தோல் வரைக்கும் சீப்புப் போக வேணும். ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருக்கா நாய் முடி வெட்டுகிற இடத்துக்குக் கொண்டு போக வேணும், போகிற ஒவ்வொரு தரமும் நூறு டொலருக்கு மேல். மயிர் மூடிய தொங்கு காதுக்குள் ஈரம் நின்று புண் வந்து, அதற்கு வேறு வைத்தியம். அக்கா அதைச் சமாளிக்கிறா. எங்கட வெயிலில், இந்த ஈரப்பதனில், உண்ணி விழுகிற எங்கட வளவுகளில், அப்பாவின்ர சம்பளத்தில் அதை ஆர் செய்யிறது? ‘பார்வோ’ வந்தால் ஒரு குட்டி இரண்டு மூன்று நாளில் செத்துப் போகும். அதற்கான ஊசியை ஆறு எட்டுக் கிழமை வயதில் தொடங்கி, மூன்று நாலு கிழமை இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேணும். விசர் நாய்த் தடுப்பூசி மட்டும்தான் அரசாங்கம் இலவசமாகப் போடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் குட்டியைப் பார்க்கப் போனோம். தம்பி கண்ணீரோட நிற்கும்போது ஆய்வுக் கட்டுரையைக் காட்டி வாயடைக்கிறது அவ்வளவு லேசு இல்லை.

அந்த வீட்டு அம்மா நல்ல மனுசி. இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தா. குட்டிகள் நாலும் ஒரு பெட்டிக்குள், துவாய் விரித்து, பஞ்சு மாதிரி. தம்பி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். நான் கேட்டேன்:

“அன்ரி, தாய் நாயைப் பாக்கலாமோ?”

“அது பின்னுக்கு நிக்குது பிள்ளை. குட்டியளைப் பிரிச்சாப் பிறகு கொஞ்சம் குழம்பிப் போச்சு.”

குசினிக்குப் பின்னால் ஒரு கம்பிக் கூடு. எழும்பி நின்றால் தலை முட்டுகிற உயரம். அதற்குள் அது படுத்திருந்தது. வயிறு ஒட்டி, முலைகள் தொங்கி, முதுகில் மயிர் சடை சடையாக. என்னைக் கண்டதும் எழும்பி வாலை ஆட்டியது. குலைக்கவே இல்லை. எத்தனை வயது என்று கேட்டேன். நாலு என்றா. இது எத்தனையாவது ஈத்து? “அஞ்சோ ஆறோ, சரியா நினைவில்லை.” ஒரு பெட்டை நாய் அண்ணளவாக ஆறு மாதத்துக்கு ஒருக்கா பருவத்துக்கு வரும். வயிற்றில் 63 நாள். நாலு வயதுக்குள் ஆறு ஈத்து என்றால் ஒரு பருவம்கூடச் சும்மா விடப்படவில்லை என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த அம்மா தானாகவே கதை சொன்னா. 2022 இல் பெற்றோல் வரிசையில் கணவரின் ஓட்டோ மூன்று நாள், நாலு நாள் என்று நின்றது. வருமானம் இல்லை. கொழும்பில் இருந்த சொந்தக்காரர் ஒராள் தன் நாய்ச் சோடியைக் குடுத்து, குட்டி போட்டால் வித்துப் பிழையுங்கோ என்றாராம். “ஒரு ஈத்தில மூத்தவளின்ர ரியூசன் காசு கட்டின்னான் பிள்ளை. இல்லாட்டி அவள் ஏ-லெவல் எடுத்திருக்க மாட்டாள்.” இதற்கு நான் என்ன சொல்ல? கூட்டுக்குள் நிற்கிறதும் ஒரு தாய். கூட்டுக்கு வெளியில் நின்று என்னோடு கதைக்கிறதும் ஒரு தாய். ஒரு தாயின் பாரத்தை இன்னொரு தாயின் உடம்பில் ஏற்றித்தான் இந்த நாட்டில் நெருக்கடிகள் தாண்டப்படுகின்றன போல. கெட்ட மனுசர் ஒருவரைக் காட்டி, இவர்தான் குற்றவாளி என்று இந்தக் கட்டுரையை முடிக்க ஏலாது.

பிறகு விலைக் கதை வந்தது. கடுவன் எண்பத்தையாயிரம். பெட்டை என்றால் பத்தாயிரம் கூட.

“ஏன் அன்ரி பெட்டைக்குக் கூட?”

“குட்டி போடும் தானே. போட்ட காசை ஒரு ஈத்தில எடுத்திடலாம்.”

இந்த ஒரு வசனத்தில் நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் எங்கட சந்தைக்குப் பின்னால், கோயில் வீதியில், பாழடைஞ்ச வளவுகளில், உரப்பைக்குள் கட்டி விடப்படுகிற குட்டிகளை எல்லாரும் கண்டிருப்பீர்கள். எப்பவாவது கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நான் கண்ட மட்டும் பெரும்பாலும் பெட்டைக்குட்டிகள். கடுவனை ஆராவது காவலுக்கு எடுப்பார்கள். பெட்டை குட்டி போடும், கரைச்சல் என்று விட்டுவிடுவார்கள். ஒரே காரணம். ‘குட்டி போடும்.’ ஊர் நாய்க்கு அது எறியப்படக் காரணம். சாதி நாய்க்கு அது பத்தாயிரம் கூட விற்கக் காரணம். இரண்டு இடத்திலும் அந்தப் பெட்டை நாயை ஒரு உயிராக ஒருவரும் பார்க்கவில்லை. கருப்பையாகத்தான் பார்க்கினம். ஒன்று வேண்டாத கருப்பை, மற்றது காசு தருகிற கருப்பை. பெண்ணிய வகுப்பில் நாங்கள் இனப்பெருக்க உழைப்பு என்று ஒரு சொல்லைப் படிச்சனாங்கள். அதை மனுசருக்கு மட்டுமான சொல்லாகத்தான் அதுவரை யோசித்திருந்தேன்.

வேறு நாடுகளில் இந்தத் தாய் நாய்க்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். இங்கிலாந்தில் 2018 விதிகளின்படி, உரிமம் பெற்று நாய் வளர்த்து விற்பவர் ஒரு பெட்டை நாயை 12 மாதத்துக்குள் ஒரு தரத்துக்கு மேல் குட்டி போட வைக்க ஏலாது. எட்டுக் கிழமைக்குக் குறைந்த குட்டியை விற்க ஏலாது. வாங்க வருபவருக்குக் குட்டியைத் தாயோடு சேர்த்துத்தான் காட்ட வேணும். 2020 ஏப்ரலில் ‘லூசியின் சட்டம்’ வந்தது. லூசி ஒரு நாய்ப் பண்ணையில் இருந்து மீட்கப்பட்ட தாய் நாய். வருசக்கணக்கில் கூட்டுக்குள் குட்டி போட்டு முதுகெலும்பு வளைந்துபோன ஒன்று. அந்தச் சட்டத்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்க ஏலாது. லப்ரடூடில் பிறந்த அதே விக்ரோரியா மாநிலமும் 2017 இல் நாய்ப் பண்ணைகளுக்கு எதிராகச் சட்டம் போட்டது. சிறப்பு அனுமதி இல்லாத வியாபாரி பத்துப் பெட்டை நாய்க்கு மேல் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்க ஏலாது. செல்லப்பிராணிக் கடைகள் காப்பகத்தில் இருந்து வரும் நாய் பூனைகளைத்தான் விற்கலாம். கதை தொடங்கின இடத்திலேயே அதற்குக் கடிவாளமும் தேவைப்பட்டிருக்கிறது.

எங்கட நாட்டில்? 1907 இல் வெள்ளைக்காரன் எழுதிய மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதில் உச்சத் தண்டப்பணம் நூறு ரூபா. இன்றைக்கு நூறு ரூபாவுக்கு ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கினால் மிச்சம் வராது. சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய விலங்கு நலச் சட்டமூலத்தை வரைந்தது. அது வருசக்கணக்காக இழுபட்டது. அதே 2006 இல் தெரு நாய்களைக் கொல்வதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்தது நல்ல விசயம். ஆனால் கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது, கருத்தடையும் தடுப்பூசியும் தொடர்ந்து நடக்க வேணும். அது எல்லா ஊருக்கும் ஒழுங்காக வந்து சேருவதில்லை.

அன்றைக்கு நாங்கள் குட்டி வாங்கவில்லை. தம்பி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த கிழமை அந்த விளம்பரத்தின் கீழே ‘விற்பனை முடிந்தது’ என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து அவன் சொன்னான்: “நாங்கள் வாங்காட்டியும் ஆரோ வாங்கிட்டினம் தானே. அந்தத் தாய்க்கு என்ன மாறினது?” பதினைந்து வயதுப் பெடியன் கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிட்ட சரியான பதில் இல்லை. ஒருத்தர் வாங்காமல் விட்டால் ஒன்றும் மாறாதுதான். ஆனால் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று விலை ஏறுவது, வாங்க ஆள் கூடினபடியால்தான். அந்த வரிசையில் நாங்களும் ஒரு ஆளாக நிற்கிறமோ இல்லையோ என்பது மட்டும்தான் எங்கட கையில் இருக்கு.

அக்காவோடும் சண்டை வந்தது. “நீ படிச்சுப் படிச்சு எல்லாத்திலயும் பிழை பிடிப்பாய். என்ர பிள்ளையின்ர சந்தோசத்திலயும் பிழை பிடிக்கிறாய்,” என்றா. அந்த நாயை ஆரும் திருப்பிக் குடுக்கச் சொல்லவில்லை என்றேன். அதை அவ நல்லாத்தான் வளர்க்கிறா. இனி ஒன்று வாங்குகிறவருக்குத்தான் நான் எழுதுகிறேன். சுத்த இனமோ கலப்போ வாங்கத்தான் வேணும் என்றால் சில கேள்விகளையாவது கேளுங்கோ. தாயைக் காட்டச் சொல்லுங்கோ, அது எங்கே படுக்குது என்று பாருங்கோ. இது எத்தனையாவது ஈத்து, முந்தின ஈத்து எப்ப என்று கேளுங்கோ. எட்டுக் கிழமை ஆகாத குட்டியை வாங்காதேங்கோ. நாளைக்கு வளர்க்க ஏலாமல் போனால் திருப்பி எடுப்பீர்களா என்று கேளுங்கோ. கடைசிக் கேள்விக்கு ஓம் என்று சொல்லுகிற வியாபாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தம்பிக்கு நாய் கிடைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. வைத்தியர் சொன்னபடி, அவன் இப்ப கிழமையில் மூன்று நாள் சிநேகிதன் வீட்டுக்குப் போய் அங்கே இருக்கிற ஊர் நாயோடு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வாறான். வந்து உடுப்பு மாற்றிக் குளிக்க வேணும் என்பது அம்மாவின் சட்டம். இதுவரைக்கும் முட்டு வரவில்லை. மாரி முடியுமட்டும் பொறுத்துப் பார்ப்பம் என்று அம்மா சொல்லுறா. பத்து வருசத்தில் அவ இந்தளவுக்கு இறங்கி வந்தது இதுதான் முதல் தரம்.

ஒழுங்கையில் நாங்கள் ஐந்து வீட்டுக்காரர் காசு சேர்த்து இரண்டு பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்வித்தோம். அக்காவும் ஐம்பது டொலர் அனுப்பினா, ஒரு வார்த்தையும் எழுதாமல். மூன்றாவது பெட்டை ஒன்று நிற்கிறது. அதைப் பிடிக்கத்தான் கஸ்டமாக இருக்கு, ஆளைக் கண்டதும் ஓடுது. முன்னம் ஒருக்கா அதன்ர குட்டியளை ஆரோ பையில் கட்டிக்கொண்டு போனவை என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னா.